ஆறு மணிக்கு வரும் பெயர்

பௌர்ணமி தவறாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு எழிலரசியின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெயர் வரும். ஆங்கிலச் சின்ன எழுத்தில், அருண்பி. பக்கத்தில் ஜெர்மனி தேசத்து முகவரி எண் ஒன்று. அதற்கும் பக்கத்தில் ‘தூக்கம்’ என்று பொருள்படும் ஒரு சொல். அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்ப்பதற்காக அவள் பௌர்ணமியன்று தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரில் ஆபீசுக்கு வருவாள். அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இவள் சுடிதார் தெரியப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள்தான் அந்த ஆபீஸ். ஊரிலுள்ள லாட்ஜுகளுக்கும், வெள்ளைக்காரர்களுக்கு அறை விடும் வீடுகளுக்கும் ஆன்லைனில் ரூம் பதிவு செய்து தருவது தொழில். முதலாளி கண்ணாயிரம் ஒரு காலத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். இன்றைக்கும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கச் சொல்வார். ரூம் பதிவு செய்யும் புரோகிராம் ஜாவாவில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் இரண்டு பேர், அருண்பிரசாத்தும் எழிலரசியும். அவன் போன பிறகு அவள் ஒருத்திதான்.

பதிவு விவரம் எல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. டேட்டாபேஸ் மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்தது. புரோகிராம் அதனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கனெக்‌ஷன் உருவாக்க வேண்டும். எந்த இடம், யார் பெயரில் வருகிறோம், பாஸ்வேர்டு என்ன, இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்தால் கனெக்‌ஷன் கிடைக்கும். கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். இந்த நிமிஷம் யார் யார் பெயரில் கனெக்‌ஷன் திறந்திருக்கிறது என்று கேட்டால் சர்வர் ஒரு பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலில்தான் அவன் பெயர் வந்துகொண்டிருந்தது, மூன்று வருஷமாக.

அருண்பிரசாத் மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலை கிராமத்துக்காரன். மணிலா என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அம்மா கன்னியம்மாள், அண்ணன் தருமன். நாலு வருஷம் எழிலரசிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்து வேகவைத்த மணிலாக்கொட்டை கொண்டுவருவான். அவள் பாதியை உரித்து அவன் பக்கம் தள்ளுவாள். காதல் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, சொன்ன மாதிரி ஆனது. பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வரும், ரூம் வாடகை ஜாஸ்தி என்பதால் தேதிகளை முன்கூட்டியே புரோகிராமுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கண்ணாயிரம் ஜோசியரிடம் பத்து வருஷத்துப் பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் எழுதி வாங்கி வந்திருந்தார். அவள் வாசிக்க வாசிக்க அவன் தட்டினான்.

“ரெண்டாயிரத்து முப்பதுலயும் நீதான் எதிர்ல உக்காந்து படிப்பியா?” என்று தட்டுவதை நிறுத்தாமலே கேட்டான்.

“வேற எங்க போவப்போறேன்?” என்றாள்.

அப்படிக் கேட்டவன் ஆறே மாதத்தில் ஜெர்மனிக்குப் போகிறான் என்ற சேதி அவளுக்குப் பிரின்டரிலிருந்து வந்தது. கண்ணாயிரம் ஒரு கடிதத்தைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், அருண்பிரசாத் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று இருந்தது. காகிதம் கையில் சூடாக இருந்தது. அவள் அதை அவன் மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பேக்கரி வாசலில் அவன் வந்து பிடித்தான்.

“எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணல, இல்ல?”

“விசா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் எழில். வராமப் போச்சுன்னா உன்னை வீணா...”

“போதும். நல்லாப் போய்ச் சேரு. போனும் வேணாம், மெசேஜும் வேணாம். எனக்கா பேசணும்னு தோணுச்சுன்னா நானே பேசுறேன். அது வரைக்கும் நீ பேசக்கூடாது.”

“சரி” என்றான்.

அந்தச் ‘சரி’தான் குடியைக் கெடுத்தது. வேறொருத்தனாக இருந்தால் மறுநாளே ஐம்பது மெசேஜ் அனுப்பி, அவள் வீட்டுத் தெருவில் நாலு சுற்று சுற்றி, ஒரு வாரத்தில் சமாதானம் செய்திருப்பான். அவளும் ஒரு வாரக் கணக்கில்தான் அதைச் சொன்னாள். அருண்பிரசாத்தோ சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிற ரகம். கம்ப்யூட்டரோடு பழகிய தோஷம். கடைசி இரண்டு நாள் வேலையை ஒப்படைக்கிறேன் என்று உட்கார்ந்தான். அந்த இரண்டு நாளும் அவள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒப்படைக்க வேண்டியதை எல்லாம் எழுதி மஞ்சள் ஃபைல் ஒன்றில் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறினான். அவர் அதை பீரோவில் கற்பூரப் பொட்டலத்துக்கும் விபூதிப் பைக்கும் கீழே வைத்துப் பூட்டினார். ‘அவன் எழுதிக் குடுத்துதான் எனக்கு வேலை தெரியணுமா?’ என்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அவன் போய் மூன்றாம் வாரம் பௌர்ணமி. கூட்டத்தை சர்வர் தாங்குகிறதா என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தவள், ஆறு மணிக்கு அந்தப் பெயரைக் கண்டாள். முகவரி எண்ணைத் தேடிப் பார்த்தாள். ஜெர்மனி. ‘வந்துட்டான்’ என்று வாய்விட்டே சொன்னாள்.

என்ன கேட்கிறான் என்று குறிப்பெடுக்கும்படி சர்வருக்குச் சொல்லி வைத்தாள். அடுத்த பௌர்ணமிக்குத் தெரிந்தது. புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஆரம்பத்தில் அவனே ஒரு பொய் லாட்ஜ் உண்டாக்கி, ‘கன்னியம்மாள் இல்லம்’ என்று அம்மா பெயரை வைத்திருந்தான். வெளியார் கண்ணுக்கு அது தெரியாது. அந்த லாட்ஜின் ஒன்றாம் நம்பர் அறையை மட்டும் படித்துவிட்டு, வேறொன்றும் செய்யாமல், எட்டு மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுப் போனான்.

பேசாவிட்டாலும் கனெக்‌ஷனை மூடாமல் அவளைப் பார்க்கவே திறந்து வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். எட்டு மணி நேரம் சும்மா கிடக்கிற கனெக்‌ஷனை சர்வரே அறுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆறு மணி என்றால் ஒரு நொடி பிசகாமல் ஆறு மணிக்கு வருகிற மனுஷன் உலகத்தில் உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், ‘அவன் அப்படித்தான், டைம்னா டைம்’ என்று பதிலும் சொல்லியிருப்பாள். இங்கே ஆறு என்றால் அங்கே மதியம் ஒன்றரை, அதுதான் சாப்பாட்டு நேரத்தில் வருகிறான் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தாள். ஆசைப்பட்டவள் கண்ணுக்கு எல்லாம் பொருந்தித்தான் வரும்.

மூன்றாம் பௌர்ணமிக்கு அவள் அந்த ஒன்றாம் நம்பர் அறையின் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘வந்து பாத்துட்டுப் பேசாம போறியே. நல்லாருக்கியா?’ ஆறு மணிக்குப் பெயர் வந்தது, அறையைப் படித்தது. அவள் எழுதியதை அவன் படித்துவிட்டான்! அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பேக்கரியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனாள். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, பௌர்ணமி என்றாள்.

பதில் எதுவும் வரவில்லை. வராவிட்டால் என்ன, பேசாதே என்று சொன்னது அவள்தானே. கட்டத்தில் இருநூறு எழுத்துதான் கொள்ளும். இருநூறுக்குள் மாதா மாதம் எழுதினாள். ‘சாப்பிட்டியா?’ ‘மழையே இல்ல, உங்க கொல்லையில மணிலா காஞ்சிட்டுதாம், தருமண்ணன் சொன்னாரு.’ ‘வேலூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. புடிக்கலன்னுட்டேன். ஏன்னு அம்மா கேக்குறாங்க, நான் இன்னா சொல்லட்டும்?’ இதை எழுதிய பௌர்ணமிக்கு அவள் ஒன்பது மணிவரை திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அருண்பி, தூக்கம். அருண்பி, தூக்கம். வினாடி எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. எதிர் நாற்காலியில் இருந்தபோது கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பானே என்று அழுகை வந்தது. அப்படியும் அடுத்த பௌர்ணமிக்குத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வந்தாள். முப்பத்தொரு வயது ஆகிவிட்டது.

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி வந்து கெடுத்தது.

அன்றைக்கு மத்தியானமே புரோகிராம் படுத்துவிட்டது. லாட்ஜுக்கு லாட்ஜ் போன். திரையில் ரூம் காலி என்று காட்டுகிறது, பதிவு ஏறவில்லை. பதிவான ரூமை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பேக்கரி வாசலில் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டது. சர்வர் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னது: கனெக்‌ஷன் அளவுக்கு மீறிவிட்டது.

மறுநாள் காலை கண்ணாயிரம் நெற்றியில் விபூதி அழிய வியர்த்தபடி வந்து எதிரே உட்கார்ந்தார். அருண்பிரசாத்தின் நாற்காலி.

“யம்மா எழிலு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இன்னாதான் ஆச்சு?”

“சார், ஒரே நேரத்துல நூத்தம்பத்தோரு கனெக்‌ஷன்தான் சர்வர் தாங்கும். நம்ம புரோகிராம்ல ஒவ்வொரு வேலைக்கும் புதுசா ஒண்ணு திறக்குறோம். பல எடத்துல மூடாம வுட்டிருக்கோம். மத்த நாள்ல கூட்டம் கம்மி, தெரியல. பௌர்ணமின்னா ரொம்பிடுது.”

அவர் யோசித்தார். “நம்ம கோயில் பே கோபுரத்தாண்ட செருப்பு வுடுற எடம் மாதிரியா? டோக்கன வாங்கிக்கினு போனவன் திருப்பித் தராம ஊட்டுக்குப் போயிட்டான். அடுத்து வர்றவனுக்கு டோக்கன் இல்ல.”

“அதேதான் சார்.”

“அப்ப இன்னா செய்யணும்?”

“இருபது கனெக்‌ஷன மட்டும் திறந்து ஒரு எடத்துல வெச்சிக்கணும். புரோகிராம்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு இருக்கு, கிளாஸ்னு பேரு; வேணும்ங்கிற கிளாஸ் அங்க வந்து வாங்கிக்கும், முடிஞ்சதும் திருப்பித் தந்துடும். யாரும் தனியா திறக்கக்கூடாது.”

“செஞ்சிடு. தீபத்துக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்ல. தீபத்தன்னிக்கி இது மாதிரி ஆச்சுன்னா நம்ம கடையை இழுத்து மூடிக்கினு மலையச் சுத்த வேண்டிதுதான்.” எழுந்தவர் திரும்பி நின்றார். “அப்புறம் அந்தப் பழைய பேருங்க, வேலைய வுட்டுப் போனவங்க பேரு, எல்லாத்தையும் எடுத்துடு. எவன் எங்கேர்ந்து டோக்கன் எடுக்குறான்னு யாருக்குத் தெரியும்?”

வேலையை விட்டுப் போனவன் ஒரே ஒருத்தன்தான்.

பத்து நாள் அவள் புரோகிராமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். வாடகை கணக்கிடும் கிளாஸ், ரசீது போடும் கிளாஸ், ஆதார் பதியும் கிளாஸ், எல்லாவற்றிலும் தனித்தனியாகக் கனெக்‌ஷன் திறந்திருந்த வரிகளை எடுத்துவிட்டு, பொது இடத்திலிருந்து வாங்கித் திருப்பித் தரும்படி மாற்றினாள். மூடாமல் விட்டதில் பாதிக்கு மேல் அவள் எழுதியதுதான். ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது. அந்தப் பெயரை நீக்கும் கட்டளை மட்டும் பாக்கி. அதைத் தட்டி வைத்துவிட்டு என்டரை அழுத்தாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள்.

நீக்கிவிட்டால் அடுத்த பௌர்ணமிக்கு வந்து பார்ப்பான், பாஸ்வேர்டு செல்லாது என்று வரும். அவள்தான் சாத்தினாள் என்று நினைப்பான். அப்புறம் வரவே மாட்டான். மாதத்துக்கு ஒரு வரி, அதுவும் பெயர் மட்டும், அதுவும் போய்விடும். உலகத்தில் வேறு எவளாவது இதற்கு இப்படி இரண்டு நாள் உட்கார்ந்திருப்பாளா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த கண்ணாயிரம் பீரோவைத் திறந்து எதையோ தேடினார். கற்பூர வாசனையோடு மஞ்சள் ஃபைல் ஒன்று அவள் மேஜையில் விழுந்தது.

“அந்தப் பையன் போவும்போது குடுத்தது. நான் மறந்தே பூட்டேன். பழைய பாஸ்வேர்டு எதுனா இருக்கும், பாரு.”

கையெழுத்து அவனுடையது. முதலாளிக்கு எழுதிய ஃபைல் அல்ல அது. முதல் வரியே ‘எழில்’ என்றுதான் இருந்தது. ‘எழில், நீ லீவுன்னு சொன்னாங்க. அதனால எழுதித் தர்றேன்.’ இரண்டாம் பக்கம் பாஸ்வேர்டுகள். மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்:

‘ஜெர்மனியில ஒரு சின்ன மிஷின் வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கேன், போன சித்திரையிலயே. வெளிநாட்டுக்காரங்க அங்கேர்ந்து புக் பண்ணும்போது நம்ம சைட் திறக்குதான்னு அது பாக்கும். பௌர்ணமி, தீபம், ரெண்டு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடும். என் பேர்லதான் உள்ள வரும். கன்னியம்மாள் இல்லம் ஒண்ணாம் ரூமைப் படிச்சு, படிச்சதை எனக்கு மெயில் அனுப்பிடும். போனப்புறமும் கொஞ்ச நாள் நான் பாத்துக்கிறேன். எதுனா கோளாறுன்னா அந்த மெயிலுக்கே பதில் போடுவேன். பதில் வந்து சேர்ற மெயில் பெட்டி பாஸ்வேர்டு கீழ இருக்கு. மறக்காம பாத்துக்கோ.’

அவள் திரும்பப் படித்தாள். அப்புறம் அந்த ஜெர்மனி மிஷினுக்குள் போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு கிளாஸ். நாற்பது வரி இருக்கும். ஜோசியர் தந்த தேதிகளை எடுத்துக்கொள்கிறது; அவள் வாசித்த தேதிகள்தான். தேதி வந்ததும் அவன் பெயரில் கனெக்‌ஷன் உருவாக்குகிறது. அறையைப் படிக்கிறது. மெயில் அனுப்புகிறது. மறுபடி அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறது. கனெக்‌ஷனை மூடும் வரியை மட்டும் எழுத மறந்திருந்தான். ‘நீ மூடாம வுட்டுட்ட பாரு’ என்று அவளைச் சதா சொல்லிக்கொண்டிருந்தவன்.

ஆக, யாருமே வரவில்லை. மூன்று வருஷமாக ஒரு மிஷினுக்காகத்தான் தலைக்குக் குளித்தாள். மிஷினைத்தான் சாப்பிட்டியா என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் கண்ணீரானது. கண்ணாயிரம் அந்தப் பக்கம் போனில் யாரிடமோ வேன் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபைலை மூடப் போனாள்.

படிச்சதை எனக்கு மெயில் அனுப்பிடும்.

அப்படியென்றால் அவள் எழுதிய குறிப்பு? அதுவும் அறையில் உள்ளதுதானே. அதையும் சேர்த்துத்தானே அனுப்பியிருக்கும்? எதுனா என்றால் பதில் போடுவேன் என்றானே. அவள் அந்த மெயில் பெட்டியின் பாஸ்வேர்டைத் தட்டினாள். இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள்.

பெட்டியில் இருபத்தெட்டு கடிதம் இருந்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. எல்லாம் அருண்பிரசாத்திடமிருந்து.

முதலாவது: ‘எழில், உனக்கா தோணும்போது பேசுறேன்னு சொன்ன. பேசிட்ட. படிச்சதும் ஆபீஸ் மாடிப்படியிலயே உக்காந்துட்டேன். நல்லாருக்கேன். நீ?’

இன்னொன்று: ‘சாப்பிட்டேன். ரொட்டியும் உருளைக்கிழங்கும். மணிலாக்கொட்டை இங்க உரிச்சு டப்பாவுல விக்கிறாங்க, உரிச்சுத் தர்றதுக்கு ஆளில்லாதவங்களுக்குப் போல.’

வேலூர் மாப்பிள்ளைக்குப் பதிலும் இருந்தது. ‘அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்னு கேட்டிருக்க. அருண்பிரசாத்னு ஒருத்தன் இருக்கான்னு சொல்லு. நான் அடுத்த வருஷம் வந்து கேக்குறேன். இது என் நம்பர். நீ கூப்பிட்டாதான் நான் பேசுவேன், அதுல மாத்தமில்ல. ஆனா கூப்பிடு எழில்.’ அதற்கு அடுத்த மாதம்: ‘நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. இன்னமும் மழை இல்லன்னு எழுதியிருக்க. பரவால்ல. உனக்குத் தோணினதை எழுது.’

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். அவள் அதையும் செய்யவில்லை; வெண்ணெயைக் கற்பூரத்தோடு பீரோவில் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தேழாவது கடிதம் போன வருஷம் கார்த்திகை மாதம் வந்தது. ‘தீபத்துக்கு ஊருக்கு வரேன். நாலு நாள் லீவுதான். ஆபீசுக்கு நேரா வந்தா உன் சொல்லை மீறின மாதிரி ஆயிடும். அடி அண்ணாமலை கோயிலுக்கு எதிர்ல தருமன் அண்ணன் அன்னதானப் பந்தல் போடுறாரு. அஞ்சு மணிலேர்ந்து அங்கதான் இருப்பேன். நீ வந்தா போதும், ஒண்ணும் பேசக்கூட வேணாம்.’

போன வருஷம் தீபத்தன்று அவள் எங்கே இருந்தாள்? இதே நாற்காலியில். மலையில் தீபம் தெரிந்ததும் ரோடே அரோகரா என்று கத்தியது. கண்ணாயிரம் மாடிக்கு ஓடினார். அவள் ஓடவில்லை. ஆறு மணிக்குப் பெயர் வருமே. வந்தது. அருண்பி, ஜெர்மனி, தூக்கம். எத்தனை காதம் தாண்டி இருக்கிறான் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு எட்டு மணிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாலைந்து கிலோமீட்டரில் கரண்டி பிடித்து நின்றிருக்கிறான். ஒரு ஆட்டோ கிடைக்காவிட்டாலும், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போயிருக்கலாம்.

கடைசிக் கடிதம் மறுநாள் தேதி.

‘பத்து மணி வரைக்கும் இருந்தேன். ஆறு மணிக்கு உன் குறிப்பு போன்ல வந்துச்சு. சாம்பார் சாதம் போட்டுக்கினே படிச்சேன். “அரை மணில தீபம். ரோடு முழுக்க ஜனம். அங்க பனி கொட்டுமே, ஸ்வெட்டர் போட்டுக்கினு வெளிய போ.” மூணு தடவ படிச்சேன். நான் வரேன்னு சொன்ன அப்புறமும் அங்கேன்னு எழுதியிருக்க. நான் அங்கயே இருக்கணும்னுதான் சொல்ற. புரிஞ்சிடுச்சு எழில். இனி தொந்தரவு பண்ண மாட்டேன். நீ எழுதுறதை நிறுத்தாத. அதை மட்டும் படிச்சிக்கிறேன்.’

எழிலரசி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சத்தம் கேட்டுக் கண்ணாயிரம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“யம்மா, இன்னா ஆச்சு? மறுபடியும் படுத்துட்டுதா?”

“இல்ல சார். சரியாயிட்டுது. கண்ணுல தூசி.”

“ஏசிய நிறுத்தித் தொலைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, பதிலுக்கு நிற்காமல், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார். தானே டீ சொல்லப் போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அவள் நிமிர்ந்தாள். பெயரை நீக்கும் கட்டளை திரையில் அப்படியே நின்றது. பதினோரு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கல்யாணம் ஆகியிருக்கலாம். மெயிலைப் படிக்காமலே தள்ளிவிடப் பழகியிருக்கலாம். எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க வழி இருந்தது. கட்டளையை அழித்துவிட்டால் போதும். தீபத்தன்று ஆறு மணிக்குப் பெயர் வரும், பார்த்துக்கொண்டே காலத்தைத் தள்ளலாம்.

என்டரை அழுத்தினாள். பட்டியலை ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அவள் பெயரும், புரோகிராம் பொதுவில் வைத்திருந்த இருபதும் மட்டும் இருந்தன. பிறகு கடிதத்திலிருந்த நம்பரைப் போனில் ஒவ்வொன்றாகப் போட்டாள். மணி நாலு. அங்கே காலை பதினொன்றரை.

அந்த ஊர் மணி வேறு மாதிரி அடித்தது, நீளமாக, இடைவெளி விட்டு. நாலு அடித்தது. ஐந்து. ஆறாவதில் எடுத்தான். ஏதோ பெயர் சொல்லி, அந்த ஊர்ப் பாஷையில் என்னவோ கேட்டான். கீழே பேக்கரியில் தட்டை அடுக்கும் சத்தம் மட்டும் போனுக்குள் போயிருக்க வேண்டும்.

“எழில்?”

“ம்.”

பயந்தவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்: “இன்னிக்குப் பௌர்ணமி இல்லியே.”

“இல்ல” என்றாள். “உன் மெயிலுங்கள இப்பதான் பாத்தேன். இன்னிக்குதான். மூணு வருசமா அந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்ல. நீ பதில் போட்டதே எனக்குத் தெரியாது.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“பந்தல்ல நிக்கிறேன்னு எழுதினது?”

“அதும்தான்.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. எழுந்து எங்கோ நடக்கிறான். ஒரு கதவு திறந்து மூடியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்ப நீ...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். “நான் அங்க நின்னப்ப நீ எங்க இருந்த எழில்?”

“இங்கதான், ஆபீஸ்ல. உன் பேரைப் பாத்துக்கினு இருந்தேன்.”